குப்பைக்கு ஆறு புள்ளி

பள்ளி ஆண்டு விளையாட்டு விழாவில் சிறப்பு விருந்தினர் என்ன பேசப்போகிறார் என்பது வெயிலில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். விளையாட்டு ஒழுக்கம் தரும், தலைமைப் பண்பை வளர்க்கும், ஊருக்கு உழைக்கும் மனத்தைக் கொடுக்கும் என்பார். கைதட்டல் விழும். மறுநாளே பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வார். அது வேறு கதை.

விருந்தினர் சொன்னது உண்மைதானா என்று உளவியலாளர்களும் பொருளியலாளர்களும் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் வந்த பதில் விருந்தினருக்குச் சாதகமாக இல்லை. 1971-ல் புரூஸ் ஒகில்வி, தாமஸ் டட்கோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், ஆயிரக்கணக்கான விளையாட்டு வீரர்களைச் சோதித்த பிறகு, விளையாட்டு குணத்தை உருவாக்குகிறது என்பதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். குணத்தை வளர்க்க வேண்டுமா, வேறு ஏதாவது செய்து பாருங்கள் என்பதுதான் கட்டுரையின் தலைப்பே. அவர்கள் சொன்ன காரணம் முக்கியமானது. மன உறுதியுள்ளவர்களைப் போட்டி விளையாட்டு சலித்து எடுக்கிறது. மற்றவர்கள் பாதியில் கழன்றுகொள்கிறார்கள். கடைசிவரை நின்றவர்களைப் பார்த்துவிட்டு, இவர்களை விளையாட்டு உருவாக்கியது என்கிறோம்.

எதிர்த்தரப்பிலும் தரவுகள் உண்டு. பீட்டர் குன், கேத்தரின் வெய்ன்பெர்கர் என்ற பொருளியலாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியில் அணித் தலைவராகவோ மாணவர் மன்றத் தலைவராகவோ இருந்த வெள்ளையின அமெரிக்க ஆண்கள் ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குப் பிறகு மற்றவர்களைவிட 4 முதல் 33 சதவீதம் வரை கூடுதலாகச் சம்பாதித்தார்கள். 2015-ல் இன்னொன்று வந்தது. இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற முதியவர்களில், பள்ளி அணியில் ஆடியவர்கள் ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழிந்த பின்னும் மற்றவர்களைவிட அதிகமாகத் தொண்டு செய்தார்கள், அதிகமாக நன்கொடை கொடுத்தார்கள் என்றது அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை எழுதியவர்களில் ஒருவர் பிரையன் வான்சிங்க். அவருடைய வேறு பல கட்டுரைகள் பின்னாளில் திரும்பப் பெறப்பட்டன. அவர் ஆய்வு முறைகேடு செய்ததாக 2018-ல் கார்னெல் பல்கலைக்கழகமே அறிவித்தது. ஆகவே இதைச் சற்றுத் தள்ளிவைத்தே பார்க்கிறேன்.

தரவு நேர்மையானதாக இருந்தாலும் சிக்கல் தீராது. நம் தெரு கிரிக்கெட்டில் பேட் யாருடையதோ அவன்தான் கேப்டன். அவன் வளர்ந்து ஒரு நிறுவனத்தில் மேலாளர் ஆனால், அதற்குக் காரணம் அந்தக் கேப்டன் பதவியா, பேட் வாங்கித் தரும் வசதியுள்ள அப்பாவா? விளையாடியவர்களையும் விளையாடாதவர்களையும் எத்தனை ஆயிரம் பேர் எடுத்து ஒப்பிட்டாலும் இந்தக் கேள்விக்கு விடை வராது. சீட்டுக் குலுக்கித்தான் பார்க்க வேண்டும். யார் எந்த அணியில் ஆடுவது என்பதை ஆய்வாளரும் தீர்மானிக்கக் கூடாது, ஆட்டக்காரரும் தீர்மானிக்கக் கூடாது.

பொருளியலாளர் மேட் லோவ் அதைத்தான் செய்தார், அதுவும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில். வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்த இளைஞர்கள் 800 பேரை வைத்து எட்டு கிரிக்கெட் லீக்குகள் நடத்தினார். சில அணிகளில் ஒரே சாதி. சில அணிகளில் கலப்பு. எல்லாம் குலுக்கல் முறையில். லீக் முடிந்ததும் யாருடைய நட்பு வட்டம் எப்படி மாறியது என்று பார்த்தார். வணிகச் சோதனை ஒன்றும் வைத்தார். ஜோடி சேராத செருப்பையும் கையுறையையும் கையில் கொடுத்து, பொருத்தமான மறுபாதியை வேறொருவரிடம் மாற்றிக்கொள்ளச் சொன்னார். சாதி பார்த்தால் ஆள் கிடைப்பது கடினம், பார்க்காவிட்டால் எளிது.

2021-ல் வெளியான முடிவு இரண்டு பக்கமும் வெட்டியது. வேற்றுச் சாதிக்காரரோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்குச் சாதி தாண்டிய நட்புகள் கூடின, பண்டமாற்றும் சரளமாக நடந்தது, அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது சொந்தச் சாதிக்காரனுக்குச் சலுகை காட்டுவது குறைந்தது. வேற்றுச் சாதிக்காரரை எதிரணியில் சந்தித்தவர்களுக்கோ, பொதுவாகப் பார்த்தால், பழக்கம் குறைந்தது. அதே பந்து, அதே மட்டை, அதே மைதானம். பிட்ச்சின் எந்தப் பக்கம் நிற்க வைக்கப்பட்டான் என்பதைப் பொறுத்து மனிதன் மாறியிருக்கிறான்.

இதன் முன்கதை 1954-ல் இருக்கிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற காட்டுப் பூங்காவில் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் கோடை முகாம் ஒன்று நடத்தினார். பதினோரு வயதை ஒட்டிய 22 சிறுவர்கள், இரண்டு அணிகள். பேஸ்பால், கயிறு இழுத்தல் என்று பரிசோடு போட்டிகள் தொடங்கின. சில நாளில் ஒரு கூட்டம் மற்றதன் கொடியை எரித்தது. இரவில் ஒருவர் குடிசைக்குள் மற்றவர் புகுந்து சூறையாடினார்கள். சேர்ந்து சாப்பிடுங்கள், சேர்ந்து சினிமா பாருங்கள் என்றெல்லாம் முகாம்காரர்கள் ஏற்பாடு செய்தும் பயனில்லை. சாப்பாட்டு மேசையே சண்டைக் களமானது. பிறகு தண்ணீர்த் தொட்டியில் அடைப்பு என்றார்கள். சாப்பாடு எடுத்துவர வேண்டிய லாரி கிளம்பவில்லை என்றார்கள். இரண்டு கூட்டமும் சேர்ந்தால்தான் தீரும் பிரச்சினைகள். பையன்கள் லாரியில் கயிறு கட்டி ஒரே பக்கமாக நின்று இழுத்தார்கள். எந்தக் கயிறு தெரியுமா? சில நாள் முன்பு எதிரெதிரே நின்று இழுத்த அதே கயிறு.

இந்தச் சோதனையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஆய்வாளர்கள் பின்னாலிருந்து பகையை மூட்டிவிட்டார்கள் என்றும், முந்தைய ஆண்டு நடத்திய முகாமில் பையன்கள் சண்டை போட மறுத்ததால் அது பாதியில் கைவிடப்பட்டது என்றும் ஜீனா பெர்ரி 2018-ல் எழுதிய புத்தகத்தில் விவரமாக இருக்கிறது. ஷெரிஃப் நினைத்ததைவிடப் பிள்ளைகள் நல்லவர்கள் போலும். ஆனாலும் கயிறு பற்றிய பாடம் நிற்கிறது. லோவின் குலுக்கல் அதற்கு வலுச் சேர்த்திருக்கிறது.

சேர்ந்து உழைப்பது உடம்பிலும் ஏதோ செய்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் படகோட்டிகள் 12 பேரைத் துடுப்புப் பயிற்சி இயந்திரத்தில் தனியாகவும் கூட்டாகவும் உழைக்க வைத்தார்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி, எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். உழைப்பு இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் ஒரே தாளத்தில் கூட்டாகத் துடுப்புப் போட்ட நாளில் வலி தாங்கும் திறன் கணிசமாக உயர்ந்திருந்தது. மூளையில் சுரக்கும் எண்டார்ஃபின்தான் காரணம் என்பது 2010-ல் வெளியான அந்தச் சிறு ஆய்வின் ஊகம். அணிக்குள் உண்டாகும் ஒட்டுறவுக்கு வெறும் உணர்ச்சிப் பேச்சைத் தாண்டிய அடிப்படை இருக்கலாம்.

ஆனால் அந்த ஒட்டுறவு அணியோடு நின்றுவிடுகிறதா, ஊர்வரைக்கும் வருகிறதா? சல்மா மூசா 2020-ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் கை வைத்தது. ஐ.எஸ். அமைப்பால் விரட்டப்பட்ட இராக்கியக் கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகளில் சிலவற்றுக்குக் குலுக்கல் முறையில் முஸ்லிம் ஆட்டக்காரர்களைச் சேர்த்தார். சீசன் முடிந்தபோது, அப்படிக் கலந்து ஆடிய கிறிஸ்தவர்கள் வேறு அணியின் முஸ்லிம் வீரருக்குக்கூட நல்லாட்டக்காரர் விருதுக்கு வாக்களித்தார்கள். அடுத்த சீசனிலும் கலப்பு அணி வேண்டும் என்றார்கள். ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு பயிற்சி செய்தார்கள். இவ்வளவும் மைதானத்தில். மோசூல் நகரில் ஒரு உணவகத்துக்குச் சலுகைச் சீட்டு கொடுத்து அனுப்பிப் பார்த்தபோது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தெரிந்த முஸ்லிமோடு பாசம். தெரியாத முஸ்லிம்களின் ஊருக்குப் போகப் பழைய தயக்கமே.

ஆக, ஆட்டத்தில் கற்றது சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வெளியே வருவது தானாக நடப்பதில்லை. 1980-களில் பிரெண்டா பிரெடெமெயர், டேவிட் ஷீல்ட்ஸ் ஆகியோர் இதன் இருண்ட பக்கத்தைக் காட்டியிருந்தார்கள். நியாய அநியாயம் பற்றிய கேள்விகளுக்கு, அன்றாட வாழ்க்கைச் சூழலில் பக்குவமாகப் பதில் சொல்லும் அதே இளைஞர்கள், ஆட்டச் சூழலில் கேட்டால் தன்னலமாகப் பதில் சொன்னார்கள். களத்துக்குள் போகும்போது மனசாட்சியின் ஒரு பகுதியைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறோம். வெளியே வரும்போது திரும்ப மாட்டிக்கொள்கிறோம் என்பது ஓர் ஆறுதல்தான். ஆனால் அப்படியானால் களத்துக்குள் கற்ற நல்லதும் அங்கேயே தங்கிவிடும் அல்லவா?

இந்த இடைவெளியில்தான் டான் ஹெலிசன் தன் வாழ்நாளைச் செலவழித்தார். சிகாகோவின் ஏழைப் பகுதிப் பிள்ளைகளுக்கு உடற்கல்வி சொல்லிக்கொடுத்தவர் அவர். 1970-களிலிருந்து அவர் படிப்படியாக உருவாக்கிய முறையில் ஐந்து படிகள்: பிறரை மதிப்பது, முயற்சி எடுப்பது, தானே தன்னை நடத்துவது, பிறருக்கு உதவித் தலைமை ஏற்பது, கடைசியாக இதையெல்லாம் ஜிம்முக்கு வெளியே கொண்டுபோவது. ஐந்தாவது படியைத் தனியாக ஒரு பாடமாக வைத்தார் பாருங்கள், அதில்தான் அவருடைய அறிவு தெரிகிறது. தானாக வரும் என்று அவர் நம்பவில்லை. ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் பிள்ளைகள் உட்கார்ந்து பேசுவார்கள். இன்று எப்படி நடந்துகொண்டேன் என்று கட்டைவிரலை மேலேயோ பக்கவாட்டிலோ கீழேயோ காட்டித் தங்களுக்குத் தாங்களே மதிப்பெண் போடுவார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர் ஆவார்கள். தலைமை என்பது மேடையில் கற்பதல்ல, பொறுப்பு கையில் விழுந்தால் வருவது என்பது அவர் கணக்கு.

பயிற்சியாளர் எப்படிப்பட்டவர் என்பதும் கணக்கில் வரும். சியாட்டிலில் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் இருவரும் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களுக்கு ஊக்கமாகப் பேசவும் திட்டாமல் திருத்தவும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிக் கற்றவர்களிடம் ஆடிய பிள்ளைகளில் அடுத்த ஆண்டு 5 சதவீதம் பேர்தான் விலகினார்கள். கற்காதவர்களிடம் ஆடியவர்களில் 26 சதவீதம். பயிற்சியாளர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது அவர்களைவிடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பது அவர்களின் இன்னொரு கண்டுபிடிப்பு. நம்மூர் பி.இ.டி. சார்களிடம் இதைச் சொல்லத் துணிவு வேண்டும்.

அணியில் கற்பதெல்லாம் ஏன் பதினோரு வயதிலிருந்து பதினாறு வயதுக்குள் இவ்வளவு ஆழமாகப் பதிகிறது? வளரிளம் பருவத்தில் மூளையின் வெகுமதிப் பகுதிகள் முந்திக்கொள்கின்றன. கடிவாளம் பிடிக்கும் முன்மூளைப் புறணி முழுமையடைய இருபது வயதுகளின் நடுப்பகுதிவரை ஆகிறது. அந்த வயதில் மிகப் பெரிய வெகுமதி சக வயதினரின் மதிப்பு. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்கும் 2005-ல் ஒரு கார் ஓட்டும் வீடியோ விளையாட்டை வைத்துச் சோதித்தபோது, நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் இரண்டு மடங்குக்கும் மேல் ஆபத்தை எடுத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் மாற்றமே இல்லை. பெற்றோருக்கு இது வயிற்றில் புளியைக் கரைக்கும் செய்தி. ஆனால் நெதர்லாந்தில் யோரின் வான் ஹோர்ன் குழு 2016-ல் இதன் மறுபக்கத்தைக் காட்டியது. பொதுநிதிக்கு எவ்வளவு கொடுக்கிறாய் என்ற விளையாட்டில், கொடுத்தபோது சக வயதினர் பாராட்டினால் பிள்ளைகள் இன்னும் கொடுத்தார்கள். கொடுக்காததைப் பாராட்டினால் கையை இழுத்துக்கொண்டார்கள். எதை நண்பர்கள் மெச்சுகிறார்களோ அது வளர்கிறது. அப்படியானால் ஓர் அணி எதை மெச்ச வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது? பெரும்பாலும் புள்ளிப்பட்டியல்தான்.

அந்தப் புள்ளிப்பட்டியலையே திருத்தி எழுதிய ஓர் ஊர் இருக்கிறது. கென்யாவின் தலைநகர் நைரோபியில் மதாரே என்பது தகரக் கூரைகள் நெருக்கியடித்து நிற்கும் பெரிய குடிசைப் பகுதி. 1987-ல் பாப் மன்றோ என்ற கனடாக்காரர், சுற்றுச்சூழல் கொள்கை ஆலோசகராக நைரோபியில் இருந்தவர், அங்கே பையன்கள் பந்து விளையாடுவதைப் பார்த்தார். பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டிச் சணலால் கட்டிய பந்து. நான் லீக் நடத்தித் தருகிறேன், நீங்கள் பதிலுக்கு ஊருக்கு ஏதாவது செய்யுங்கள் என்று ஒப்பந்தம் பேசினார். கால்வாய் அடைத்து, குப்பை மலைபோல் குவிந்து, கொசுவும் வயிற்றுப்போக்கும் பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருந்த இடம். என்ன செய்வது என்பதில் குழப்பமே இல்லை.

அப்படிப் பிறந்ததுதான் மதாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம். ஓர் அணி ஆட்டத்தில் வென்றால் மூன்று புள்ளி. மண்வெட்டியும் தள்ளுவண்டியும் எடுத்துப் போய்க் குப்பையையும் சாக்கடையையும் துப்புரவு செய்து முடித்தால் ஆறு புள்ளி. கோப்பை வேண்டும் என்றால் கோல் மட்டும் போதாது. நட்சத்திர ஆட்டக்காரன் ஞாயிற்றுக்கிழமை கோல் அடிக்கிறான், துப்புரவுக்கு மட்டும் வருவதில்லை என்றால், அணித்தோழர்களே அவன் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று எளிதில் ஊகிக்கலாம். வான் ஹோர்ன் ஆய்வகத்தில் பார்த்ததைச் சாக்கடை ஓரத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார்கள். பகையாளி அணியும் அதே கால்வாயைத்தான் அள்ள வேண்டும் என்பதால் ஷெரிஃபின் கயிறும் உள்ளே வந்துவிடுகிறது.

இன்னொரு முடிவை நான் இதைவிடப் பெரியதாக மதிக்கிறேன். சங்கத்தை நடத்துவதே பிள்ளைகள்தான். பகுதிவாரியாக ஆட்டக்காரர்கள் தங்கள் குழுக்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிலிருந்து மேல் அமைப்புகள் உருவாகின்றன. ஆட்ட அட்டவணை, நடுவர் பணி, சிறுவர்களுக்குப் பயிற்சி எல்லாம் பதின்வயதினர் பொறுப்பு. இப்படி உழைப்பதற்குத் தனிப்பட்ட புள்ளிகளும் சேரும். அதிகம் சேர்த்தவர்களுக்குத் தலைமை விருது. விருதுத் தொகை, அதைப் பெற்றவர் படிக்கும் பள்ளிக்குக் கட்டணமாகப் போகும். கட்டணம் கட்ட முடியாமல் படிப்பு நிற்கும் ஊரில் இதைவிட விலைமதிப்புள்ள கோப்பை எது? 1992-ல் பெண்களுக்கான ஆட்டங்கள் தொடங்கின. அதே ஆண்டு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘குளோபல் 500’ விருது கிடைத்தது. 1994-ல், எய்ட்ஸ் கென்யாவை உலுக்கிய காலத்தில், பிள்ளைகளே பிள்ளைகளுக்கு அந்நோய் பற்றிச் சொல்லும் வேலை ஆரம்பித்தது. அதே ஆண்டு மதாரே யுனைடெட் என்ற அணியும் பிறந்தது. 2008-ல் நாட்டின் முதன்மை லீக்கையே வென்றது. அந்த அணியில் ஆடிய ஃபிரான்சிஸ் கிமான்சி பிறகு அதற்கே பயிற்சியாளராகி, கென்யத் தேசிய அணியின் பயிற்சியாளராகவும் ஆனார். தொழில்முறை அணி வீரர்களுக்கும் ஊர்ச் சேவையிலிருந்து விதிவிலக்கு தரப்படவில்லை.

இங்கே ஒரு முள் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் போக முடியாது. புள்ளிக்காகச் செய்வது தொண்டாகுமா? 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில், படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் குழந்தைகளின் வரையும் நேரம் மற்றவர்களோடு ஒப்பிட ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. பரிசு உள்ளே இருந்த ஆசையைத் தின்றுவிட்டது. குப்பைக்குப் புள்ளி போட்டால் நல்ல மனமும் அப்படித் தேயாதா?

தேயாது என்பதற்கு இரண்டு காரணங்கள் தோன்றுகின்றன. அந்தக் குழந்தைகளுக்கு வரைவதில் முன்பே ஆசை இருந்தது. சாக்கடை அள்ள ஆசைப்பட்டுக் காத்திருந்த பையன் எந்த ஊரிலும் கிடையாது. தின்பதற்கு ஆசையே இல்லாதபோது பரிசு எதைத் தின்னும்? இரண்டாவது, ஆறு புள்ளி அணிக்குப் போகிறது. அதைச் சம்பாதித்தவன் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை, கூட்டாளிகளின் மதிப்பைத் தவிர. இருந்தாலும் தலைமை விருது தனியாளுக்குத்தான் போகிறது. அங்கே லெப்பரின் கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

என் கையில் இப்படி ஒரு லீக் இருந்தால், சில பருவங்கள் ஓடிய பிறகு, லோவைப்போலக் குலுக்கிப் போட்டுப் பாதிப் பகுதிகளில் மட்டும் ஒரு பருவத்துக்குத் துப்புரவுப் புள்ளியை நிறுத்திவிடுவேன். ஆட்டம் வழக்கம்போல நடக்கட்டும். மண்வெட்டியோடு எத்தனை பேர் வருகிறார்கள் என்று இரண்டு பக்கமும் தலை எண்ணினால் போதும்.